செப்டிக் டேங்க்குக்கும் எஃப்.சி. உண்டு!

ஒரு சின்னக் கேள்வி. நீங்க சிவில், மெக், சி.எஸ்.இ., எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருங்க. ஒரு கிராமம். வீடுகள் ஒட்டி ஒட்டி இல்லை. இங்க ஒண்ணு, வயலைத் தாண்டி அங்க ஒண்ணு. பக்கத்து டவுன்ல பாதாளச் சாக்கடை இருக்கு, ஆனா அது 3 கிலோமீட்டர் தள்ளி. இந்தக் கிராமத்து வீட்டுல ஃப்ளஷ் பண்ற தண்ணி எங்க போகணும்?

நம்மள்ல பல பேர் யோசிக்காம சொல்ற பதில், "பைப் போட்டு டவுன் லைனோட சேர்த்துடலாம்." வளர்ச்சின்னா பைப், பைப் வராத ஊர்னா பின்தங்கின ஊர். செப்டிக் டேங்க்னா, பைப் வர்ற வரைக்கும் ஒப்பேத்துற விஷயம். இதுதான் நம்ம மனசுல பதிஞ்சிருக்கு.

நான் இதை ஒத்துக்கலை. ஒழுங்கா டிசைன் பண்ணி, ஒழுங்கா யாராவது வந்து செக் பண்ற செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடைக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்லை. கேவலம் டேங்க்ல இல்லை, அதைக் கட்டி மூடிட்டு மறந்துடறதுல இருக்கு. இதைச் சட்டமாவே எழுதி வெச்சிருக்கிற நாடு பிரான்ஸ். அந்தச் சட்டம் பெரும்பாலும் சரி, ஆனா ஒரு இடத்துல நியாயமா இல்லைன்னு நினைக்கிறேன். ரெண்டையும் சொல்றேன், கேளுங்க.

ஏன் பிரான்ஸ்?

எங்க அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் பிரான்ஸ்ல வேலை பார்க்கிறார். மாமான்னுதான் கூப்பிடுவேன். நகரத்துக்கு வெளிய ஒரு பழைய கிராமத்து வீடு வாங்கலாம்னு பார்த்துட்டு இருந்தார். விற்கிறவங்க கொடுத்த ஃபைல்ல, நிலத்தோட விவரம், மின்சார வயரிங் ரிப்போர்ட் இதுக்கெல்லாம் நடுவுல, செப்டிக் டேங்க்குக்குன்னே ஒரு தனி ரிப்போர்ட். "நீ சிவில்தானே, இது என்னன்னு பாருப்பா"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பினார். மொழிபெயர்ப்பு ஆப்பை வெச்சுப் படிக்க ஆரம்பிச்சவன், அந்த நாட்டு விதிகள் முழுக்கத் தேடிப் படிக்கிற அளவுக்குப் போயிட்டேன். நம்ம சிலபஸ்ல செப்டிக் டேங்க்குக்கு இருக்கிறது ரெண்டு பார்முலா, ஒரு படம். அங்க அதுக்கு ஒரு அரசாங்கத் துறையே இருக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த டேங்க் பிறந்த ஊரே பிரான்ஸ்தான். கிழக்குப் பக்கம் வெசூல்னு ஒரு ஊர். அங்க ழான் லூயி முராஸ்னு ஒருத்தர், 1860-கள் வாக்குல, வீட்டுக் கழிவுநீர் போக ஒரு மூடின தொட்டி கட்டினார். பல வருஷம் கழிச்சுத் திறந்து பார்த்தா, நிறைஞ்சு வழிய வேண்டிய தொட்டில திடக்கழிவு ரொம்பக் கம்மியாத்தான் இருந்தது. காத்து புகாத இடத்துல பாக்டீரியா அதைக் கரைச்சு வேலையை முடிச்சிருக்கு. 1881-ல அதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். "செப்டிக் டேங்க்"ங்கிற பேரு அப்புறம்தான், 1895-ல, இங்கிலாந்துல எக்ஸெட்டர் நகரத்துல டொனால்ட் கேமரன் கட்டின தொட்டியோட வந்தது.

அதே காலத்துலதான் பாரிஸ் நகரம் எதிர்த் திசைல போச்சு. 1894-ல, வீட்டுக் கழிவு எல்லாத்தையும் நேரா சாக்கடைல சேர்க்கணும்னு கட்டாயமாக்கினாங்க. அதுக்காகப் போராடினவர் யூஜீன் பூபெல்ங்கிற அதிகாரி. குப்பைத்தொட்டி வைக்கணும்னு அதுக்கு முன்னாடியே உத்தரவு போட்டவரும் அவர்தான். பிரெஞ்சுல குப்பைத்தொட்டிக்கு இன்னைக்கும் அவர் பேருதான். ஆக, தொட்டியும் சாக்கடையும் ஒரே நாட்டோட ரெண்டு பிள்ளைகள். மரியாதை மட்டும் சாக்கடைக்கே போச்சு.

எல்லாருக்கும் பைப் போட்டா என்ன?

போடலாம். யார் காசுல, எதுக்காகன்னுதான் கேள்வி.

ஒரு கணக்குக்காக இப்படி வெச்சுக்குவோம். 10 வீடு, வீட்டுக்கு வீடு 200 மீட்டர். 2 கிலோமீட்டர் பைப் புதைக்கணும். பயன்படுத்தப் போறது 25 பேர். அதே 2 கிலோமீட்டர் பைப்பை நகரத்துத் தெருவுல போட்டா ஆயிரக்கணக்கான பேருக்குப் பயன்படும். ஒரு ஆளுக்கு ஆகிற செலவு எங்க போய் நிக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

காசை விடுங்க, ஹைட்ராலிக்ஸ் கூட ஒத்துக்காது. சாக்கடைல தண்ணி வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகத்துலயாவது ஓடணும், அப்பதான் அடில கசடு தங்காதுன்னு படிச்சிருக்கோம். 25 பேரோட தண்ணி 2 கிலோமீட்டர் பைப்புக்குள்ள ஓடுமா, ஊறுமா? நடுவுல மேடு வந்தா பம்பிங் ஸ்டேஷன். பைப்புக்குள்ள தேங்கின கழிவுல இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது ஈரமான கான்கிரீட் மேல சல்ஃப்யூரிக் அமிலமா மாறி பைப்பையே அரிக்கும். ஆள் இல்லாத ஊருக்குப் பைப் போடறதுங்கிறது, ரெண்டு பேருக்காக 50 சீட் பஸ் விடற மாதிரி.

ஐரோப்பிய யூனியன் இதை 1991-லேயே ஒத்துக்கிட்டது. அந்த வருஷம் வந்த நகரக் கழிவுநீர் விதி, 2,000 பேருக்குச் சமமான கழிவு வர்ற ஊர்களுக்குத்தான் சாக்கடை அமைப்பைக் கட்டாயமாக்கிச்சு. (2024-ல புதுப்பிச்ச விதி அதை 1,000-க்கு இறக்கியிருக்கு.) அதுலயும் ஒரு விலக்கு இருந்தது: சாக்கடை போட்டு சுற்றுச்சூழலுக்குப் பயன் இல்லைன்னாலோ, செலவு மிதமிஞ்சிப் போச்சுன்னாலோ, அதே அளவு பாதுகாப்பு தர்ற வேற அமைப்பு வெச்சுக்கலாம். "அதே அளவு பாதுகாப்பு" என்கிற வார்த்தையைக் கவனிங்க. தொட்டியை அவங்க தற்காலிக ஏற்பாடா பார்க்கலை.

அடுத்த வருஷமே, 1992 ஜனவரி 3 தேதியிட்ட தண்ணீர்ச் சட்டத்துல, பிரான்ஸ் தன்னோட ஒவ்வொரு கொம்யூனையும் (நம்ம ஊராட்சி மாதிரி, ஆனா மேயர் உண்டு) ஒரு மேப் போடச் சொல்லிச்சு. இந்தப் பகுதி சாக்கடைக்கு, இந்தப் பகுதி தனித்தனித் தொட்டிக்குன்னு ஊரையே ரெண்டாப் பிரிக்கணும். உங்க வீடு மேப்ல எந்தப் பக்கம் விழுதோ, அதை வெச்சுத்தான் உங்க கடமை. இன்னைக்கு பிரான்ஸ்ல சுமார் 50 லட்சம் வீடுகள் தொட்டிப் பக்கம்தான் இருக்கு. பணக்கார நாடுதான், பைப் போடத் தெரியாதவங்களும் இல்லை. இருந்தும் வேணும்னேதான் இப்படி வெச்சிருக்காங்க.

பைப் வந்தா ஒரு விதி, வரலைன்னா இன்னொரு விதி

வீட்டு வாசல்ல பொதுச் சாக்கடை வந்துடுச்சுன்னா, "எனக்கு என் தொட்டியே போதும்"னு சொல்ல முடியாது. லைன் பயன்பாட்டுக்கு வந்த 2 வருஷத்துக்குள்ள இணைக்கணும். உங்க மனைக்குள்ள ஓடுற பைப்போட செலவு உங்களது. பழைய தொட்டியைத் துண்டிச்சு, இனிமே யாருக்கும் தொந்தரவு தராதபடி செயலிழக்க வைக்கணும். கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒழுங்கான தொட்டி கட்டினீங்கன்னா 10 வருஷம் வரைக்கும் அவகாசம் கிடைக்க வாய்ப்பு உண்டு. இணைக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சா, கட்ட வேண்டிய கட்டணத்துக்குச் சமமான தொகையை எப்படியும் வசூலிப்பாங்க. 2021-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் அதை 400 சதவீதம் வரைக்கும் கூட்டவும் உள்ளூராட்சிக்கு அதிகாரம் இருக்கு.

பைப் வராத பக்கம்னா, முழு ட்ரீட்மென்ட் பிளான்ட்டும் உங்க தோட்டத்துல. இங்கதான் நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கிற பகுதி.

முதல் விஷயம், தொட்டி மட்டும் இருந்தா அது சுத்திகரிப்பே இல்லை. தொட்டில நடக்கிறது பாதி வேலைதான்: கனமானது அடில தங்கும், எண்ணெய் மேல மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி வெளிய போகும். அந்தத் தண்ணில கிருமி அப்படியே இருக்கும். மீதி வேலையைச் செய்யறது மண்ணு. துளை போட்ட குழாய்கள் வழியா அந்தத் தண்ணியை நிலத்துக்கு அடில பரவ விடறாங்க. மண்ணுல இருக்கிற காத்தும் நுண்ணுயிரும் மிச்சத்தைச் சுத்தம் பண்ணுது.

அப்ப மண்ணுக்கும் தகுதித் தேர்வு வேணும்ல? இருக்கு. 2009 செப்டம்பர் 7-ம் தேதி ஆணைப்படி, தண்ணி உறிஞ்சற வேகம் மணிக்கு 15 மில்லிமீட்டர்ல இருந்து 500 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அதுவும் குறைஞ்சது 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. 15-க்குக் கீழ போனா களிமண்ணு. தண்ணி மேல வந்து தேங்கி நாறும். 500-க்கு மேல போனா மண்ணு சல்லடை. சுத்தமாகறதுக்கு முன்னாடியே நிலத்தடி நீர்ல போய்ச் சேரும். தோண்டின பள்ளத்துக்கு அடில 1 மீட்டருக்குள்ள நிலத்தடி நீர் இருக்கக் கூடாது. குடிக்கப் பயன்படுத்தற கிணறு இருந்தா 35 மீட்டர் தள்ளித்தான் இதெல்லாம்.

தொட்டியோட சைஸை வீட்டுல இருக்கிற ஆளை எண்ணி முடிவு பண்றதில்லை, அறையை எண்ணி முடிவு பண்றாங்க. படுக்கை அறை, ஹால் மாதிரி முக்கிய அறைகள் 5 வரைக்கும் இருந்தா குறைஞ்சது 3 கன மீட்டர். அதுக்கு மேல ஒவ்வொரு அறைக்கும் ஒரு கன மீட்டர். ஏன்னு யோசிச்சுப் பார்த்தேன். இன்னைக்கு அந்த வீட்டுல தாத்தா பாட்டி ரெண்டே பேர். நாளைக்கு வாங்கறவங்களுக்கு மூணு பிள்ளைங்க இருக்கலாம். ஆள் மாறும், அறை மாறாது. எளிமையான, நல்ல டிசைன் முடிவு.

கிச்சன் தண்ணி, குளிக்கிற தண்ணி, டாய்லெட் தண்ணி எல்லாம் ஒரே தொட்டிக்கு வரலாம். மழைத்தண்ணி மட்டும் கூடவே கூடாது. ஒரு பெரிய மழை மொத்தக் கசடையும் கலக்கி, வெளிய தள்ளி, மண்ணோட துளைகளை அடைச்சிடும்.

மண்ணு சரியில்லைன்னா மாற்று வழி நிறைய இருக்கு: மணல் வடிகட்டி, நாணல் வளர்த்த படுகை, சின்னதா ஒரு மின்சார ட்ரீட்மென்ட் யூனிட். தேங்காய் மட்டைத் துண்டுகளை வடிகட்டியா வெச்ச அமைப்புக்கும் அனுமதி உண்டு! நாம கயிறு திரிக்கிற மட்டை, அங்க பி.ஓ.டி. குறைக்குது. இந்தப் புது வகைகளுக்கு அரசாங்க ஒப்புதல் வேணும். வெளிய வர்ற தண்ணில லிட்டருக்கு பி.ஓ.டி. 35 மில்லிகிராமுக்குள்ள, மிதக்கிற துகள் 30 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். தண்ணியே இல்லாத உலர் கழிப்பறைக்கும் சட்டத்துல இடம் இருக்கு.

நிஜமான பொறியியல் தொட்டிக்கு வெளிய

மேல சொன்னது எல்லாம் டெக்ஸ்ட்புக்ல கிடைக்கும். கிடைக்காதது ஸ்பாங்க். தனித்தொட்டிகளுக்கான பொதுச் சேவைன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சுப் பேரோட சுருக்கம். 1992 சட்டம் தொட்டிகளைக் கண்காணிக்கிற பொறுப்பைக் கொம்யூன் தலைல வெச்சது. 2005 கடைசிக்குள்ள எல்லா இடத்துலயும் இந்த ஸ்பாங்க் அமைக்கணும்னு கெடு. சின்னக் கிராமங்கள் பல சேர்ந்து ஒண்ணு நடத்தும். 2006-ல வந்த அடுத்த தண்ணீர்ச் சட்டம், 2012 கடைசிக்குள்ள எல்லாத் தொட்டியையும் ஒரு ரவுண்டு பார்த்து முடிக்கணும்னு சொல்லிச்சு.

வண்டிக்கு எஃப்.சி. பார்க்கிறோம்ல, கிட்டத்தட்ட அதேதான். புதுத் தொட்டின்னா ரெண்டு தடவை பார்ப்பாங்க. முதல்ல வரைபடத்தை. அந்தச் சான்று இல்லாம, 2012 மார்ச்ல இருந்து, வீடு கட்ட அனுமதிக்கு விண்ணப்பமே முழுமை ஆகாது. அப்புறம் கட்டி முடிச்சதும், மண்ணு போட்டு மூடறதுக்கு முன்னாடி. இந்த "மூடறதுக்கு முன்னாடி" ரொம்ப முக்கியம். பூமிக்கு அடில போற வேலைல ஏமாத்தறதுக்கு எவ்வளவு சுலபம்னு சைட் விசிட் போனவங்களுக்குத் தெரியும். பழைய தொட்டின்னா, அதிகபட்சம் 10 வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆய்வாளர் வரணும். குறைஞ்சது 7 வேலை நாள் முன்னாடி தகவல் சொல்லிட்டு வருவார். உள்ள விட மாட்டேன்னா அதுக்கும் அபராதம். கட்டணம் உங்களது.

கசடு எடுக்கறதுக்கும் விதி இருக்கு. தொட்டில பாதி கொள்ளளவுக்குக் கசடு சேர்ந்தா எடுத்தாகணும். எடுக்க வர்ற லாரிக்காரர் அரசு அங்கீகாரம் வாங்கினவரா இருக்கணும். எடுத்த கசடு எங்க போச்சுன்னு ஒரு சீட்டு எழுதணும். ஒரு நகல் வீட்டுக்காரருக்கு, ஒண்ணு லாரிக்காரருக்கு, ஒண்ணு கசடைச் சுத்திகரிக்கிற இடத்துக்கு. ஆய்வாளர் வரும்போது அந்தச் சீட்டைக் கேட்பார். ராத்திரியோட ராத்திரியா ஓடையில கொட்டிட்டு வர முடியாது. கொட்டினா மூணாவது நகல் காணாமப் போயிடும். சென்சார், ஆப் எதுவும் இல்லாம, ஒரு காகிதச் சீட்டாலேயே கண்காணிப்பு நடக்குது.

கிரயம் பண்ணும்போது பிடிக்கிறாங்க

எனக்கு இந்த மொத்தச் சட்டத்துலயும் பிடிச்ச இடம் இதுதான்.

ஆய்வாளர் வந்து "உங்க தொட்டி சரியில்லை"ன்னு எழுதிட்டார்னு வைங்க. உடனே எல்லாரையும் இடிச்சுக் கட்டச் சொன்னா ஊரே கொந்தளிக்கும். 2012-ல வந்த ஆணை இதை ஆபத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சிருக்கு. தொட்டியே இல்லை, கழிவு நேரா வெளிய போகுதுன்னா, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கட்டணும். மக்கள் உடம்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்துன்னா 4 வருஷம். விதிப்படி இல்லை, ஆனா யாருக்கும் ஆபத்தும் இல்லைன்னா, கெடுவே கிடையாது. ஆனா வீட்டை விற்கற வரைக்கும்தான்.

2011 ஜனவரி 1-ல இருந்து, தொட்டிப் பக்கம் இருக்கிற வீட்டை விற்கணும்னா, 3 வருஷத்துக்குள்ள எடுத்த ஸ்பாங்க் ரிப்போர்ட் கிரய ஆவணத்தோட இருக்கணும். நாம வில்லங்கச் சான்று கேட்கிற மாதிரி. ரிப்போர்ட்ல குறை இருந்தா, விற்கறவர் முன்னாடியே சரி பண்ணலாம், இல்லைன்னா வாங்கறவர் கிரயம் ஆன 1 வருஷத்துக்குள்ள சரி பண்ணணும்.

ஏன் இது புத்திசாலித்தனம்? ஒரு குடும்பத்தோட வாழ்க்கைல பெரிய பணம் கைமாறுற நாள் ரொம்பக் கம்மி. வீடு விற்கற நாள் அதுல ஒண்ணு. மத்த நாள்ல 10,000 யூரோங்கிறது மலை. அன்னைக்கு அது விலைல ஒரு சின்னக் கழித்தல். மாமா விஷயத்துல அதான் நடந்தது. ரிப்போர்ட்ல, பழைய தொட்டி டாய்லெட்டுக்கு மட்டும்தான், கிச்சன் தண்ணி நேரா வாய்க்காலுக்குப் போகுதுன்னு இருந்தது. புதுசா கட்ட ஒரு கொட்டேஷன் வாங்கி, அதைக் காட்டி விலையைக் குறைச்சுப் பேசினார். விற்கறவர் முனகிக்கிட்டே ஒத்துக்கிட்டார். எந்த அதிகாரியும் மிரட்டலை, போலீஸ் வரலை. வாய்க்காலுக்கு மட்டும் ஒரு நல்லது நடந்தது.

இன்னொன்னு: பூமிக்கு அடில இருக்கிறது விற்கறவருக்குத் தெரியும், வாங்கறவருக்குத் தெரியாது. அந்த ரிப்போர்ட் ரெண்டு பேரையும் சமமா உட்கார வைக்குது.

"இது வெறும் வசூல்தானே?"

இப்படிக் கேட்கிறவங்க அந்த நாட்டுலயே நிறைய. ஸ்பாங்க்கை எதிர்த்துச் சங்கமே வெச்சிருக்காங்க. அவங்க வாதம் லேசானது இல்லை. "நகரத்துக்காரனுக்குப் பொதுப் பணத்துல பைப் போட்டுக் கொடுக்கறீங்க. என் தொட்டிக்கு நானே காசு போட்டேன், நானே கசடு எடுக்கறேன். இப்ப அதைப் பார்க்க வர்றதுக்கும் நானே காசு தரணுமா?"

கோபம் புரியுது. ஆனா சாக்கடைக்காரரும் சும்மா இல்லை. தண்ணி பில்லோட ஒவ்வொரு கன மீட்டருக்கும் கழிவுநீர்க் கட்டணம் கட்டறார். தொட்டிக்காரருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியம், உங்க தொட்டி உங்க நிலத்துல இருந்தாலும், அதோட தண்ணி உங்க வேலியோட நிக்காது. பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் போகும். தண்ணிக்குப் பட்டா தெரியாது.

நகரத்துப் பைப் மட்டும் யோக்கியமான்னு கேட்டீங்கன்னா, அதுவும் இல்லை. 2023 டிசம்பர்ல ஆர்க்கஷோன் விரிகுடால நோரோவைரஸ் பிரச்சனையால சிப்பி விற்கவே தடை போட்டாங்க. பெருமழைல பொதுச் சாக்கடை தாங்காம வழிஞ்சதுதான் காரணம்னு சிப்பி வளர்க்கிறவங்க கொதிச்சாங்க. 2024 ஒலிம்பிக்ஸ் நாம எல்லாரும் பார்த்தோம். சேன் நதியைச் சுத்தம் பண்ண 140 கோடி யூரோ அளவுக்குச் செலவு பண்ணியும், மழைக்கு அப்புறம் ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளி வெச்சாங்க. பாரிஸுக்கு மேல் பக்கத்துல நிறைய வீடுகளோட கழிவுநீர்க் குழாய், சாக்கடைக்குப் பதிலா மழைநீர்க் குழாயோட தப்பா சேர்ந்து நேரா நதிக்குப் போய்ட்டிருந்ததும் அந்தப் பிரச்சனைல ஒரு பங்கு.

அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? 2022-ல இருந்து, கழிவுநீர் சேன் நதில போய்ச் சேர்ற பாரிஸ் வட்டாரப் பகுதிகள்ல வீடு விற்கும்போது, சாக்கடை இணைப்பு சரியா இருக்கான்னு ரிப்போர்ட் கட்டாயம். கிராமத்துத் தொட்டிக்குப் போட்ட விதியை நகரம் காப்பி அடிச்சிருக்கு! பின்தங்கினது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

நியாயம் இல்லாத இடம்

இப்ப குறைக்கு வருவோம். விற்கற நாள்ல பிடிக்கிறது நல்ல யோசனைதான். விற்காதவங்க?

கிராமத்துல தனியா இருக்கிற ஒரு எழுபத்தஞ்சு வயசுப் பாட்டியை நினைச்சுக்கோங்க. பென்ஷன்ல வாழறாங்க. தொட்டி அவங்க வீட்டுக்காரர் காலத்துல கட்டினது. ஆய்வாளர் வந்து "ஆபத்து, 4 வருஷம்"னு எழுதறார். அவர் எழுதினது தப்பில்லை. கிணறு பக்கத்துலதான் இருக்கு. ஆனா பாட்டிக்குப் பெரிய பணம் வர்ற நாள் எதுவும் வரப்போறதில்லை. புது அமைப்புக்கு ஆகிற செலவு 10,000 யூரோவை எட்டறதும் தாண்டறதும் சாதாரணம்.

அரசாங்கம் வட்டியில்லாக் கடன் வெச்சிருக்கு, 10,000 யூரோ வரைக்கும். ஆனா கடன் கடன்தான், மாசாமாசம் கட்டணும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: மின்சாரம் எடுக்காத அமைப்புக்குத்தான் அந்தக் கடன். சுற்றுச்சூழல் நோக்குல சரியாத் தோணும். ஆனா மனை சின்னது, மண்ணு சரியில்லை, உங்களுக்குப் பொருந்தறது மின்சார யூனிட்தான்னு ஆயிட்டா, கடனும் இல்லை. யாருக்குச் சிக்கல் அதிகமோ அவங்களுக்கு உதவி கம்மி.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அந்த 2011 விதி விற்பனைக்குத்தான். அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வாரிசா வர்ற வீட்டுக்கு அந்த ரிப்போர்ட் கட்டாயம் இல்லை. கிராமத்துப் பழைய வீடுகள் அப்படிக் கைமாறுறது சகஜம். ஆக, எந்த வீட்டுல ரொம்பப் பழைய தொட்டி இருக்க வாய்ப்பு அதிகமோ, அந்த வீடு பரீட்சை எழுதாமலே பாஸ் ஆகுது.

என்னோட யோசனை இது. கடனை ஆள் மேல வைக்காதீங்க, வீட்டு மேல வைங்க. பாட்டியோட தொட்டியை உள்ளூராட்சியே இன்னைக்குக் கட்டிக் கொடுக்கட்டும். செலவை அந்த வீட்டோட கணக்குல எழுதி வைக்கட்டும். வீடு எப்பக் கைமாறுதோ, விற்பனையோ வாரிசோ, அன்னைக்கு அந்தத் தொகையை வசூல் பண்ணட்டும். பாட்டி மாசாமாசம் கட்ட வேண்டாம். கிணத்துத் தண்ணி 4 வருஷம் காத்திருக்கவும் வேண்டாம். பணம் கைமாறுற நாள்ல பிடிக்கிறதுதானே அவங்க சட்டத்தோட மூளை? அதையே கடைசி வரைக்கும் கொண்டு போகலாம்கிறேன், அவ்வளவுதான். கூடவே வாரிசு மாறும்போதும் ரிப்போர்ட் கட்டாயம் ஆகணும்.

"உள்ளூராட்சிகிட்ட அவ்வளவு முதல் எங்க?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆனா இது மானியம் இல்லை, திரும்பி வர்ற பணம், வீடே ஜாமீன். அந்த ஊருக்குப் பைப் போடாம மிச்சம் பிடிச்ச பணத்தோட ஒப்பிட்டா, இது ரொம்பச் சின்னது.

நமக்கு என்ன?

நாம நாலு வருஷமா டிசைன் படிக்கிறோம். லோடு போடறோம், சைஸ் கண்டுபிடிக்கிறோம், வரைபடம் முடிஞ்சதும் கீழ ரெண்டு கோடு போட்டு முடிச்சிடறோம். அந்தத் தொட்டியை 10 வருஷம் கழிச்சு யார் திறந்து பார்ப்பாங்க, பார்த்து என்ன எழுதுவாங்க, எழுதினதுக்கு யார் காசு கொடுப்பாங்கன்னு எந்தப் பரீட்சைலயும் கேட்கிறதில்லை. ஆனா தொட்டி வேலை செய்யுமா இல்லையான்னு முடிவு பண்றது அந்த மூணு கேள்விதான்.

முராஸோட தொட்டி கிட்டத்தட்ட 150 வருஷமா பெருசா மாறலை. மாறினது அதைச் சுத்தி இருக்கிற ஏற்பாடு: ஒரு மேப், ஒரு ஆய்வாளர், ஒரு சீட்டு, கிரயத்துக்கு ஒரு ரிப்போர்ட். இந்த நாலுலயும் கான்கிரீட் ஒரு கைப்பிடி கூட இல்லை. ஆனா இதையும் யாரோ உட்கார்ந்து டிசைன் பண்ணித்தான் இருக்காங்க.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "முடிவுரை" எழுதறதுக்கு முன்னாடி, "இதை யார் வந்து பார்ப்பாங்க?"ன்னு ஒரு பத்தி சேர்த்துப் பாருங்க. எழுத முடியலைன்னா, உங்க டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

— இறுதியாண்டு, சிவில்